இடது பின் இருக்கை

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலேயே குப்பையில் போடுவாய் என்று தெரியும். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் பள்ளிக்கூட முத்திரையைக் குத்தியிருக்கிறேன். இரண்டு வருடமாக நீ என் ஃபோனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். தம்பி எழுதுவதாக நினைக்காதே. டயர் கடைக்கு வாடிக்கையாளர் ஒருவர் எழுதுகிறார், அவ்வளவுதான்.

ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். ஒன்பது வருடப் பழசு. பல் டாக்டர் ஒருவர் வைத்திருந்தது. பெரிய சொகுசு வண்டி. தோல் இருக்கை, ஏர் சஸ்பென்ஷன், கதவை லேசாகத் தள்ளினால் போதும், மீதியை அதுவே மெல்ல இழுத்துச் சாத்திக்கொள்ளும். வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. மாதம் ஒருமுறை மேலே அப்பாவிடம் போகிறேன். கல்குவாரி தாண்டி பதினோரு கிலோமீட்டர் வெறும் கல்லும் பள்ளமும். கடைசியில் ஆறு. ஆற்றைக் கடந்து அரை கிலோமீட்டரில் அணைக்கட்டுக் குடியிருப்பு. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவர் அதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். என் பழைய சின்ன வண்டி அந்தப் பாதைக்கு லாயக்கில்லை என்பது உனக்கும் தெரியும்.

இந்த வண்டியை அந்தப் பாதைக்கு ஏற்ற மாதிரி எதை மாற்றலாம்? பந்தாவெல்லாம் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் ஓடினால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். முதல் தடவை போய்த் திரும்பும்போது, ஆற்றில் இறங்குவதற்கு முன் ஆழம் பார்க்க அந்தக் கரையில் நிறுத்தினேன். சும்மா நின்ற வண்டியில் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தானாக ஓடியது. பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். இது என்ன கோளாறு?

தம்பி

பிப்ரவரி 15

வாடிக்கையாளர் வாத்தியாருக்கு,

முத்திரை நன்றாக இருந்தது. உறையைப் பிரித்தது என் தப்பு.

கேள்விக்கு மட்டும் பதில். முதலில் ரிம். இருபது அங்குல ரிம்மில் ரப்பர் வளையல் மாட்டிய மாதிரி ஒரு டயர் இருக்கும். பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் ரிம் பிளந்துகொள்ளும். பதினெட்டு அங்குல ரிம் போடு. பிரேக்கில் இடிக்கிறதா என்று ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கு. டயர் பக்கவாட்டில் உயரமாக, கல்லும் மண்ணும் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். சேற்றுக்கென்று விற்கிற பூதாகரமான டயரைப் போட்டால் நல்ல ரோட்டில் விமானம் மாதிரி இரையும், உன் பெண்டாட்டி விவாகரத்து கேட்பாள். இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு. முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி. ஸ்டெப்னியும் அதே அளவு. வண்டியை ஏணி வைத்து ஏறுகிற உயரத்துக்குத் தூக்குகிறேன் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. இவ்வளவுதான் வேலை.

சிவப்பு விளக்கு: இருக்கைக்கு அடியில் எடை உணரும் சென்சார் இருக்கிறது. போகும்போது ஆற்றில் நனைந்திருக்கும். காயவைத்துத் துடை. கம்ப்ரஸர் ஓடியது காற்றுக் கசிவு. வீலுக்கு மேலே இருக்கிற காற்றுப் பைகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை வருகிறதா பார்.

அப்பாவைப் பற்றி எனக்கு எழுதாதே. அம்மா போய் மூன்று நாள் கழித்து எனக்குச் சொன்னீர்கள். "ரோடு அடிச்சுட்டுப் போயிடுச்சுக்கா" என்று ஒரு வரி. நான் வந்து பார்த்தது மண்மேட்டைத்தான். அதை மறக்கிற அளவுக்கு எனக்கு வயசாகவில்லை.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

ரிம், டயர், தகடு, கொக்கி எல்லாம் போட்டாகிவிட்டது. சின்ன வண்டி தத்தளித்த இடத்தில் எல்லாம் இது யானை மாதிரி நடக்கிறது. நன்றி.

சோப்புத் தண்ணீர் தெளித்தோம். நான்கு பையிலும் ஒரு குமிழிகூட வரவில்லை. எலக்ட்ரீஷியன் பின் இருக்கையைக் கழற்றி சென்சாரைப் பார்த்தார். "சார், சொட்டுத் தண்ணி இல்ல. புதுசு மாதிரி இருக்கு" என்றார். அவரே உட்கார்ந்து காட்டினார், விளக்கு எரிந்தது. எழுந்தார், அணைந்தது.

இந்த முறை என் மனைவியும் வந்தாள். மேலே போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது அதே கரையில் நிறுத்தி இருவரும் இறங்கித் தண்ணீரைப் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. திரும்பி வந்தால் பின்னால் இடது கதவு ஒரு விரல் திறந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உள்ளே இழுத்து "டக்" என்று சாத்திக்கொண்டது. "அந்தக் கதவை யாரு திறந்தா?" என்றாள். நான் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் கம்ப்ரஸர் ஓடியது, சிவப்பு விளக்கு வந்தது. வழி முழுக்க அவள் திரும்பியே பார்க்கவில்லை. கழுத்து சுளுக்கியவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் வந்து நாலுரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதும் விளக்கு தானாக அணைந்தது. போன முறையும் அங்கேதான் அணைந்தது.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒன்றுதான்: "நாம பேசிட்டு வந்தோமே, அதை யாரோ கேட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு." அடுத்த மாதம் வரமாட்டாளாம்.

நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

சிரித்தேன். பேய் ஓட்ட நான் கடை வைக்கவில்லை.

ஆனாலும் தொழில்காரியாக ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். ஏர் சஸ்பென்ஷன் சும்மா இருக்கும்போது கம்ப்ரஸரை ஓட்டாது. காற்று கசிந்தால் ஓட்டும், இல்லையென்றால் எடை ஏறினால் ஓட்டும். ஆள் ஏறினால் அந்த மூலை தாழும். உடனே காற்றை ஏற்றிச் சமமாக்கிக்கொள்ளும். கசிவு இல்லை என்றால் உயரம் அளக்கிற கம்பி கல்லடித்து வளைந்திருக்கும், வண்டி தப்புக் கணக்குப் போடுகிறது. ஒன்பது வருடப் பழசில் இதோடு மல்லுக்கட்டுவது வீண். எப்படியும் அந்தப் பாதையில் என்றைக்காவது உன்னை நடுவழியில் உட்கார வைத்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்று. நான்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள்தான் இருக்கும். வண்டி ஒரு அங்குலம் உயரும், அதற்கு மேல் உயராது. ஸ்பிரிங்குக்கு மூளை கிடையாது. எடை ஏறினால் தாழும், இறங்கினால் உயரும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

வாத்தியார்தானே, அளந்து எழுது. வீலின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர்? வீட்டில் ஒருமுறை, திரும்பி வரும் வழியில் ஒருமுறை. குவாரி எடைமேடையில் போகும்போதும் வரும்போதும் ஏற்றி சீட்டு வாங்கி அனுப்பு. அதோடு உன் பயம் தெளியும்.

அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

பயம் தெளிந்தது. இரண்டு சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். போகும்போது 2,360 கிலோ. வரும்போதும் அதே 2,360. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்ப்ரஸர் இல்லாததால் அந்த முனகலும் இல்லை.

அளவு: வீட்டில் நான்கு மூலையும் சமம். எடைமேடையில் பின்னால் இடது பக்கம் மட்டும் பத்து மில்லிமீட்டர் குறைவு. புது ஸ்பிரிங் படிந்துகொண்டிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். வீட்டுக்கு வந்து அளந்தபோது மறுபடி சமம். சிவப்பு விளக்கு வந்தது, நாலுரோட்டில் போனது. அந்த வயரில் எங்கோ தேய்மானம் என்று விட்டுவிட்டேன்.

எழுதாதே என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவின் இன்வெர்ட்டருக்கு இருபத்தெட்டு கிலோவில் புது பேட்டரி ஒன்றும், எட்டு கிலோ சாமான் பெட்டி ஒன்றும் கொண்டுபோய் இறக்கினேன். பழைய பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பேட்டரியைத் தூக்கும்போது அப்பா ஒரு கை கொடுத்தார். வயசாகிவிட்டது. கிளம்பும்போது வண்டியைச் சுற்றி வந்து பின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "மெதுவா ஓட்டு. பள்ளத்துல தூக்கிப் போடாத" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

உன் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்துகிறாய்? அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போகும்போது வண்டியில் பேட்டரியும் பெட்டியும் இருந்தன. முப்பத்தாறு கிலோ. அதை மேலே இறக்கிவிட்டாய். எடைமேடையிலிருந்து மேலே போய் மறுபடி எடைமேடைக்கு வர நாலைந்து கிலோ டீசல் எரிந்திருக்கும். வரும்போது சீட்டில் 2,320 இருக்க வேண்டும். 2,360 இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நீ நிம்மதியாகிவிட்டாய். ஒன்றாக இருக்கவே கூடாதுடா.

நாற்பது கிலோ. பின்னால் இடது பக்கம் பத்து மில்லிமீட்டர். அந்த ஸ்பிரிங்கை எனக்குத் தெரியும். இதே கையால் அமுக்கிப் பார்த்து அனுப்பியது. அந்த மூலையில் நாற்பது கிலோ உட்கார்ந்தால் பத்து மில்லிமீட்டர்தான் தாழும். மத்தியானம் கடையில் இரண்டு பேருக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டேன். போட்டு முடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ எங்கே வருகிறாய் என்று எனக்குப் புரிகிறது. நீ எழுதாவிட்டாலும் ஒவ்வொரு கடிதத்திலும் அது இருக்கிறது. அம்மா அறுபத்திரண்டு கிலோ. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அரிசி மண்டித் தராசில் ஏறி நின்று நாம் எல்லோரும் சிரித்தோமே, அன்றிலிருந்து அறுபத்திரண்டுதான். அதனால் இது அம்மா இல்லை. கணக்கு இடிக்கிறது.

ஆனால் நீ எதையோ மென்று விழுங்குகிறாய். ஏன் ஆற்றங்கரை? அந்த ஆற்றில் என்ன நடந்தது?

அக்கா

மே 2

அக்காவுக்கு,

கடைசியில் அம்மா நாற்பதுதான் அக்கா. கடைசி வருடம் நீ பார்க்கவில்லை. நான் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு அணைக்கட்டுக் கன்ட்ரோல் ரூமிலிருந்து அப்பா ஃபோன் செய்தார். "மூச்சு விட முடியல அவளால. வண்டி எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்" என்றார். உடனே கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாதை மோசம்தான், ஆனால் ஓட்டிவிட்டேன். ஆறேகாலுக்கு ஆற்றங்கரையில் நின்றேன்.

ரோடு அடித்துக்கொண்டு போகவில்லை. உனக்குச் சொன்னது பொய். ரோடு இருந்தது. தண்ணீர் முழங்கால் அளவு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். கலங்கலாக ஓடியது. இறங்கி நடந்தே போயிருக்கலாம். சின்ன வண்டியையே தைரியமாக இறக்கியிருக்கலாம். லைட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் வண்டி நின்றுவிட்டால்? என் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. அவள் முகம்தான் கண்ணில் நின்றது. இல்லை, அதுவும் ஒரு சாக்குத்தான். பயந்துவிட்டேன் அக்கா. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆறு நிஜமாகவே பெருகியது. ஃபோன் கம்பியும் அறுந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது அணைக்கட்டு ஆட்கள் இருவரை வைத்து அப்பா எல்லாம் முடித்திருந்தார். "கட்டில்லயே போயிட்டா. கஷ்டப்படல" என்றார். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோடு போய்விட்டது என்று நானாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். உனக்கும் அதையே சொன்னேன். மூன்று நாள் உனக்கு ஃபோன் செய்யாததற்குக் காரணம், செய்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அம்மா இறந்தது வீட்டில், கட்டிலில். நான் நின்றது ஆற்றின் இந்தக் கரையில். அது ஏறுவதோ அந்தக் கரையில்.

தம்பி

மே 19

தம்பி,

இரண்டு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். நேற்று ஒரு லாரிக்கு வீல் மாற்றி, நட்டு முடுக்காமல் அனுப்பப் பார்த்தேன். நல்ல வேளை, டிரைவர் குனிந்து பார்த்தார். இப்படியே போனால் யாரையாவது கொன்றுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத என் கை வரவில்லை. வரும்போது வரட்டும். அன்றைக்கே "பயந்துட்டேன்கா" என்று சொல்லியிருந்தால் உன்னை இரண்டு அறை அறைந்திருப்பேன், அப்புறம் சேர்ந்து அழுதிருப்போம். நீ சொல்லவில்லை. இரண்டு வருடமாக நான் தனியாக அழுதேன். அதற்குத்தான் கோபம்.

இனி வேலையைப் பேசுவோம். நாலுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் உன் வீடு. விளக்கு அங்கே அணைகிறது. மூன்று தடவையும் அங்கேதான். இடது பக்கம் திரும்பினால் என்ன வரும்? எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு உன் வீட்டுக்கு வர வேண்டியிருக்கவில்லைடா. நீ வலது பக்கம் திருப்பியதும் இறங்கி, மறுபடி அந்தக் கரைக்கே போய் நிற்கிறாள்.

அடுத்த முறை இடது பக்கம் திரும்பு. ஆற்றில் இறங்கும்போது டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள். இரண்டாம் கியரில் ஒரே சீராகப் போ, நடுவில் கியர் மாற்றாதே, நிறுத்தாதே. தார் ரோடு வந்ததும் காற்றைப் பழையபடி ஏற்று. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திற.

பெல்ட்டைப் போட்டுவிடு. அந்தப் பாதையில் பெல்ட் இல்லாமல் கூட்டிவருகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா?

அக்கா

ஜூன் 5

அக்காவுக்கு,

நேற்று போய்வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்தக் கரையில் பத்து மணிக்கு நிறுத்தினேன். நல்ல வெயில். இறங்கி, பின்னால் இடது கதவை நானே திறந்து, அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு ஸ்பிரிங் லேசாக முனகியது. வண்டி என் பக்கம் சாய்ந்தது. தோல் இருக்கையில் ஒரு பள்ளம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். பெல்ட்டை இழுத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் பெல்ட் தளர்ந்து தொங்கும். நேற்று தொங்கவில்லை. எதையோ சுற்றிக்கொண்டு வந்தது. மாட்டியதும் முன்னால் சிவப்பு விளக்கு அணைந்தது. கதவை லேசாகத் தள்ளினேன், அதுவே சாத்திக்கொண்டது.

வழி நெடுக நான் பேசினேன். என்ன பேசினேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

நாலுரோட்டில் இடது பக்கம் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பெல்ட் அப்படியே விறைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் நீலச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கூப்பிடவில்லை. பெரிய வண்டி வந்து நின்றால் வருவார்கள் போல. நான் பெல்ட்டைக் கழற்றிக் கதவை முழுக்கத் திறந்தேன். அவர் நாற்காலியைக் கதவோடு ஒட்டி வைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருக்கு சார்?" என்றார்.

"எங்கம்மாவுக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வண்டி உயர்ந்தது. நாற்காலி அவர் கையில் ஒரு குலுங்கு குலுங்கியது. அதன் துணி இருக்கை கீழே இறங்கியது. ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு குனிந்து, பிரேக்கை எடுத்துவிட்டு, "காலை மேல வச்சுக்கங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தரையில் மண்டியிட்டு அளந்தேன். நான்கு மூலையும் சமம். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனாள்.

தம்பி

ஜூன் 12

தம்பி,

கடிதம் வந்தது. கடையை மூடிவிட்டுப் படித்தேன். மறுநாளும் திறக்கவில்லை.

மழை தொடங்கப் போகிறது. அதற்குள் அப்பாவை இறக்கிக்கொண்டு வா. மாட்டேன் என்றால் நான் கூப்பிட்டதாகச் சொல். எனக்கும் அவருக்கும் பேச்சில்லைதான். பேச வேண்டாம், வந்து இருக்கட்டும். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையைக் காலி செய்துவிட்டேன். அதில் இருந்த டயரெல்லாம் இப்போது என் கூடத்தில் கிடக்கின்றன. ஜன்னல் இருக்கிறது, குளியலறை பக்கத்திலேயே. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தால் வைக்கட்டும், பட்டறை இரைச்சலில் எனக்குக் கேட்காது.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வை. நீண்ட தூரம்.

அக்கா

ஜூன் 29

அக்காவுக்கு,

அப்பா என் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுந்தால் இதை எழுத முடியாது, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

காலையில் மேலே போனபோது வாசலில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நான் கூப்பிட வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ கூப்பிடாட்டாலும் இறங்கியிருப்பேன்" என்றார். "தினமும் சாயங்காலம் கீழ கரைக்குப் போய் உக்காந்துட்டு வருவேன். மூணு வாரமா அங்க யாரும் இல்ல. இனி நான் எதுக்கு இங்க?"

நீ கூப்பிட்டதைச் சொன்னேன். "திட்டுவாளா?" என்றார். திட்டுவாள் என்றேன். "சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

முன்னால் உட்காரச் சொன்னால் கேட்காமல் பின்னால் இடது பக்கம் ஏறிக்கொண்டார். ஆற்றில் இறங்குவதற்கு முன் நிறுத்தச் சொன்னார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, தண்ணீருக்குப் பத்தடி மேலே ஒரு மரத்தடியில் நின்றார். அங்கே ஒரு தட்டையான பாறை.

"இங்கதான் உக்கார வச்சிருந்தேன் அவள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு. நீ கிளம்பிட்டேன்னு சொன்னியே. வீட்டு வரைக்கும் வண்டி ஏறி வர நேரமாகும்னு, அணைக்கட்டுத் தள்ளுவண்டியில படுக்க வச்சு இங்க கொண்டாந்துட்டேன். மேல தார்ப்பாய் போத்தி, என் மடியில சாச்சு வச்சிருந்தேன். வண்டி வந்ததும் அப்படியே தூக்கி ஏத்திடலாம்னு."

எதிர்க்கரையைப் பார்த்தேன். அன்றைக்கு நான் நின்ற இடம் அங்கிருந்து நாற்பது அடிகூட இருக்காது.

"கட்டில்லன்னு சொன்னீங்களேப்பா."

"சொன்னேன். மறுபடி மேல கொண்டு போறப்ப அவ இல்ல."

மழை முதல் சொட்டு விழுந்தது. இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அப்பா, ரோடு போகல. நான் வந்தேன். எதிர்க்கரை வரைக்கும் வந்துட்டு, பயந்துக்கிட்டு திரும்பிட்டேன்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா" என்றார். "உன் பழைய வண்டியில ஒரு லைட்டுதானே எரியும். மழையில அது வந்து நின்னதையும் பார்த்தேன், திரும்பினதையும் பார்த்தேன். கத்தினேன். தண்ணிச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவளும் பார்த்தா. 'தம்பி வந்துட்டானா'ன்னு கேட்டா. லைட்டு திரும்பிப் போறதப் பார்த்துட்டு என் மூஞ்சியப் பார்த்தா. என்னத்தச் சொல்றது? ஒத்த லைட்டுதானே. 'யாரோ பைக்குக்காரன், திரும்பிப் போறான். நம்ம தம்பி வர்ற நேரந்தான், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு சொன்னேன். நம்பிட்டா."

என் தலையில் கை வைத்துச் சொன்னார்: "அதான் பொறுத்துக்கிட்டே உக்காந்திருந்தா."

கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. நீ சொன்னபடி இரண்டாம் கியரில், எங்கேயும் நிறுத்தாமல் கடந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் உன்னிடம் வந்துவிடுவோம்.

தம்பி